தெர்மாக்கோல் சர்ஃப் போர்டுக்கு போட் பட்டறை ரெசின் ஆகுமா?

தண்டையார்பேட்டை_லேத்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போறவன், இதான் முதல் பதிவு.

வீட்டுக்குக் கீழ பைக் நிறுத்துற ஷெட் இருக்கு. பத்தடிக்கு எட்டடி, மேல தகர ஷீட். பகல்ல லேத் பட்டறை வேலை. ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் ஷெட் எனக்குத்தான். கோவளத்துல வாடகை சர்ஃப் போர்டு எடுத்து அலை மேல ஓரளவு நிக்கப் பழகிட்டேன். இப்ப சொந்தமா ஒண்ணு செதுக்கணும்னு வெறி. புதுசு விலையைக் கேட்டா, பேசாம அந்தக் காசுல மீன்பாடி வண்டி வாங்கி ஓட்டலாம்னு தோணுது.

மாமா காசிமேட்டுப் பக்கம் ஃபைபர் போட் பட்டறையில இருக்காரு. ரெசின், மேட் (கண்ணாடி இழைப் பாய்), ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் எல்லாம் மிச்சம் மீதியிலயே எனக்குப் போதும். தெர்மாக்கோல் மீன் பெட்டியும் எங்க பார்த்தாலும் கிடக்கு. யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க வெள்ளை ஃபோம் மேல பாலியஸ்டர் ரெசினைத்தான் ஊத்தி இழுக்குறாங்க. ஆனா மாமா, "ஊத்துன அடுத்த நிமிஷம் தெர்மாக்கோல் கரைஞ்சு குழியாயிடும்டா"ங்கறாரு. யார் பேச்சு சரி?

இன்னொண்ணு. நேரா ஃபாயில் போர்டே (அடியில தண்டும் இறக்கையும் மாட்டி, தண்ணிக்கு மேல தூக்கிட்டு ஓடுற போர்டு) செஞ்சுடலாமா? அது குட்டைதானே, ஷெட்டுக்குள்ள அடங்கும். என் எடை 74 கிலோ.

வாச்சிக்காரன்:

தம்பி, ரெண்டு பேர் பேச்சும் சரிதான். வீடியோவுல இருக்கிறது தெர்மாக்கோல் இல்ல, பாலியூரித்தேன் ஃபோம். அதைப் பாலியஸ்டர் ரெசின் ஒண்ணும் பண்ணாது. நீ வாங்கப்போற தெர்மாக்கோல் பாலிஸ்டைரீன். அது மேல மாமா ரெசின் பட்டா கரையும். ஆக, உனக்கு எப்பாக்ஸிங்கற வேற ரக ரெசின்தான். வேற வழி கிடையாது.

நானும் போட் பட்டறையில வளர்ந்தவன்தான். எங்க தாத்தா கட்டுமரத்துக்கு வாச்சி பிடிச்சவரு. அதனால சொல்றேன், பட்டறையில கத்துக்கிட்ட கை உனக்கு உதவும், பட்டறைப் பழக்கம் உதவாது. அங்க சந்தேகம் வந்தா இன்னொரு மேட் போடுவோம், இன்னும் ரெண்டு மக் ரெசின் ஊத்துவோம். இஞ்சின் வெச்ச போட்டு, அதுக்கு எடை கூடினா பரவால்ல. போர்டை உன் கை துடுப்பு போட்டுத் தள்ளணும். கணக்குப் போட்டுப் பாரு. 450 கிராம் மேட், மேலயும் கீழயும் ஒவ்வொரு சுத்து போட்டாலே மேட் மட்டும் 800 கிராம் தாண்டும். அது தன் எடையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல ரெசின் குடிக்கும். மொத்தம் இரண்டரை கிலோ, ஃபோம் எடை இல்லாமலே. அதுக்குப் பதிலா சதுர மீட்டருக்கு 200 கிராம் நெசவு கிளாஸ் துணி, மேல ரெண்டு சுத்து, கீழ ஒரு சுத்து போட்டா, துணியும் ரெசினும் சேர்ந்து ஒண்ணேகால் கிலோவுக்குள்ள முடிஞ்சிடும். பலமும் அதுலதான் கூட. தவிர, மேட்டோட பசை மாமா ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன்ல கரையுற மாதிரி செஞ்சது. எப்பாக்ஸியில அது இளகாது, மேட் விறைச்சுக்கிட்டு நிக்கும், வளைவுல படியாது.

மீன் பெட்டியை மறந்துடு. அது பேக்கிங் தெர்மாக்கோல், முட்டி வெச்சு அழுத்தினா குழி விழும். கோல்டு ஸ்டோரேஜ் சுவருக்கு இன்சுலேஷன் விக்கிறவங்க கிட்டப் போ. ஷீட்டா கேக்காத, பிளாக் கேளு. கன மீட்டருக்கு 25லருந்து 30 கிலோ அடர்த்தி. கடைக்காரர் வாயால சொல்றதை நம்ப வேண்டாம். ஓரத்துல பத்து சென்டிமீட்டர் கனசதுரம் ஒண்ணு வெட்டச் சொல்லி நகைத் தராசுல வை. அது சரியா ஒரு லிட்டர். 30 கிராம் காட்டினா 30 அடர்த்தி. 15 காட்டினா நமஸ்காரம் சொல்லிட்டு வந்துடு. முறிச்சும் பாரு. மணி மணியா உதிர்ந்தா சரியா வேகாத சரக்கு. மணி குறுக்கால பிளந்து முறியணும்.

முதல் போர்டு 6 அடி 8 அங்குலம் நீளம், இருபத்தொண்ணரை அகலம், இரண்டே முக்கால் கனம். ஏறக்குறைய 44 லிட்டர் வரும். உன் எடைக்குத் தாராளம். வளைவுக்கு ப்ளைவுட்ல ரெண்டு டெம்ப்ளேட் வெட்டி பிளாக்கோட ரெண்டு பக்கமும் அடிச்சுக்க. கரண்ட்ல சூடாகுற நிக்ரோம் கம்பியை வில்லுல கட்டி, பேட்டரி சார்ஜர் கரண்ட் குடுத்து இழு. ஆளுக்கொரு முனை, ரெண்டு பேரும் ஒரே வேகம். ஒருத்தர் நின்னா அந்த இடத்துல கம்பி பள்ளம் பறிச்சிடும். கதவைத் திறந்து வெச்சு இழு, அந்தப் புகை நல்லதில்ல.

செதுக்கும்போது மேல எரியுற லைட்டை அணைச்சிடு. ரெண்டு பக்கச் சுவத்துலயும் போர்டு உயரத்துக்கு ஒரு டியூப்லைட் மாட்டு. வெளிச்சம் படுக்கையா வந்தாத்தான் மேடு பள்ளம் நிழலாத் தெரியும். மேல் லைட்டுல வழவழன்னு தெரியுற ஓரம், பக்க வெளிச்சத்துல பார்த்தா கொசஸ்தலை ஆத்து மேடா இருக்கும். தாத்தா காலையில வெயில் சாய்வா இருக்கையிலதான் மரத்தோட தலைப்புல உக்காந்து ஒத்தக் கண்ணால பார்ப்பாரு, அதே கதைதான். சொரசொர பட்டையை மெதுவா, ஒரே திசையில ஓட்டு. முன்னும் பின்னும் இழுத்தா மணி பிடுங்கிட்டு வரும்.

இப்ப முக்கியமான இடம். நம்ம ஊர்ல ரெசின் போடுற நேரத்தை வெயில்தான் சொல்லும். தெர்மாக்கோல் மணிகளுக்கு நடுவுல காத்து இருக்கு. காலையில போட்டா, ஷெட்டுக்குள்ள சூடு ஏற ஏற அந்தக் காத்து விரிஞ்சு ஈர ரெசினைத் துளைச்சுக்கிட்டு வெளிய வரும். பார்க்க ஊசி குத்தின மாதிரி ஆயிரம் ஓட்டை. சாயங்காலம் போட்டா நேர் எதிர்: ஃபோம் ஆறிக்கிட்டே வரும், காத்து சுருங்கும், ரெசினை உள்ளாற இழுத்துக்கும். அதனால மதியமெல்லாம் போர்டு தகர ஷெட்டுல வெந்துக்கிட்டு கிடக்கட்டும். பொழுது சாஞ்சு, சூடு இறங்க ஆரம்பிச்சதும் கலக்கு. அதுக்கு முன்னாடியே லேசான ஃபில்லரைத் தண்ணி சேத்து மேலாகப் பூசி, காஞ்சதும் தேய்ச்சு வெச்சிருக்கணும். இல்லேன்னா இடுக்கெல்லாம் ரெசின் இறங்கி எடை ஏறும்.

சாயங்காலம்னா கொசு வரும். நம்ம பக்கத்துக் கொசுவுக்கு எப்பாக்ஸி வாசனை பொருட்டே இல்ல. ஃபேன் போட்டா தூசி. போர்டு மேல கட்டில் கொசுவலையை உயரமாக் கட்டிட்டு உள்ள நின்னு வேலை செய். தெருவுல சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போறாங்க.

மாமா ரெசினுக்கும் வேலை இருக்கு, கவலைப்படாத. போர்டுக்கு அடியில நிக்கிற ஃபின்னுக்கு. அதுல தெர்மாக்கோல் இல்லையே. கண்ணாடி மேல மெழுகு தடவி, பட்டறையில மீந்த ரோவிங் (தடிச்ச கண்ணாடி இழைத் துணி) துண்டுகளை அடுக்கி 8 எம்எம் பலகை மாதிரி எடுத்துக்க. ஒரே மூச்சுல அடுக்காத, சூடாகி வெடிப்பு விடும். ரெண்டு மூணு தடவையா எடு. அப்புறம் வெட்டி, நல்லாத் தேய்ச்சு, எப்பாக்ஸியில ஒட்டு. காஞ்ச பாலியஸ்டர் மேல எப்பாக்ஸி நல்லாப் பிடிக்கும்.

ஃபாயில் பத்தி அப்புறம் எழுதறேன், கடைக்கு ஆள் வந்துட்டாங்க.

மணலி_லேப்:

அண்ணன் சொன்னதுக்கு மேல ரசாயனப் பக்கம் கொஞ்சம். எனக்கு வேலையே ரெசின் சோதிக்கிறதுதான்.

பாலியஸ்டர் ரெசின் எடையில மூணுல ஒரு பங்கு, சிலதுல அதுக்கும் மேல, ஸ்டைரீன்தான். தெர்மாக்கோலும் ஸ்டைரீன் கோத்த சங்கிலிதான். அதான் கரையுது. இது பழைய தலைவலி. 1940-கள் கடைசியில கலிஃபோர்னியாவுல பாப் சிம்மன்ஸ் பாலிஸ்டைரீன்ல போர்டு செஞ்சப்பவே, ரெசின் படாம இருக்க ப்ளைவுட்டும் பால்சா மரமும் வெச்சு மூட வேண்டி வந்தது. 1950-கள் கடைசியில ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் ஃபோமைக் கொண்டுவந்த பிறகுதான் பாலியஸ்டர் நேரடியா ஊத்துற வழக்கம் பரவிச்சு. நீங்க வீடியோவுல பார்க்கிறது அந்த வழக்கம்.

தம்பி, மாமா கிட்டக் கத்துக்கிட்ட ஒரு விஷயத்தை ஷெட் வாசல்லயே விட்டுட்டு வாங்க. பாலியஸ்டருக்கு வெயில்னா கேட்டலிஸ்ட்டைக் குறைப்பாங்க, மழைன்னா கூட்டுவாங்க. எப்பாக்ஸி ஹார்ட்னர் கேட்டலிஸ்ட் கிடையாது. அது ரெசினோட கை கோத்து அதுவாவே மாறிடுற பாதி. கூட ஊத்தினா சீக்கிரம் இறுகாது, மிச்ச ஹார்ட்னர் ஜோடியில்லாம உள்ளயே நின்னு பிசுபிசுன்னு கிடக்கும், என்னிக்கும் காயாது. டப்பாவுல போட்டிருக்கிற விகிதம்தான் வேதம். அளவுல சொன்ன விகிதமா, எடையில சொன்னதான்னு பாருங்க. ஹார்ட்னர் லேசு, அதனால ரெண்டும் ஒண்ணா வராது.

வேகத்தை மாத்தணும்னா ஸ்லோ ஹார்ட்னர் கேட்டு வாங்குங்க. பத்து டிகிரி கூடினா வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகும். கலக்கினதும் மக்குல வெச்சுக்கிட்டு யோசிக்காதீங்க, போர்டு மேல ஊத்திடுங்க. மக்குல குவிஞ்சு நின்னா தானே சூடேறிப் புகையும்.

மறுநாள் மேல எண்ணெய் தடவின மாதிரி ஒரு படலம் இருந்தா பயப்படாதீங்க. நம்ம ஈரக்காத்துல ஹார்ட்னர் பண்ற வேலை அது. முதல்ல தண்ணியும் பச்சை ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவுங்க, அப்புறம்தான் உப்புத்தாள். கழுவாம தேய்ச்சா அதையே உள்ள தேய்ச்சுடுவீங்க, அடுத்த கோட் பிடிக்காது.

நைட்ரைல் கையுறை கட்டாயம். கையில பட்டா தின்னர் போட்டுத் துடைக்காதீங்க, அது தோலுக்குள்ள கொண்டுபோய் விடும். சோப்புத் தண்ணி போதும். எப்பாக்ஸி அலர்ஜி ஒரு தடவை வந்தா ஆயுசுக்கும் போகாது. ஃபின் வேலைக்குப் பட்டறை ரெசின் எடுத்தா, அதை வேகப்படுத்தச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ரெண்டையும் வேற வேற அலமாரியில வைங்க.

எண்ணூர்_அலை:

செய்யறது ஓகே ப்ரோ, எங்க இறக்குவீங்க? ராயபுரத்துலருந்து எண்ணூர் வரைக்கும் கரையெல்லாம் கருங்கல். துறைமுகச் சுவர் தெக்கேருந்து வர்ற மணலை மறிச்சதுலருந்து நம்ம பக்கம் கடல் தின்னுக்கிட்டே வருது, அதுக்குத்தான் கல்லு. அலை உடையுறதே கல்லு மேல. முகத்துவாரத்துல 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்து படிஞ்சதை நேர்ல பார்த்தவன் நான், அங்க தண்ணிய வாயில விட மனசு வராது. வலையும் போட்டிருப்பாங்க, அவங்க பொழப்புல போய் மாட்டாதீங்க.

பழவேற்காடு ஏரியில ஃபாயில் ஓட்டலாம்னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க. சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான், போர்டுக்கு அடியில நிக்கிற தண்டு (மாஸ்ட்) முக்கால் மீட்டர். சேத்துல குத்திக்கிட்டு நிப்பீங்க. முதல் போர்டோட கோவளத்துக்கே போங்க. போர்டுக்கு பஸ்ல இடம் குடுக்க மாட்டாங்க, பைக்ல பக்கவாட்டு ஸ்டாண்ட் அடிச்சுக்கங்க. லேத்துக்காரருக்கு இதெல்லாம் சொல்லணுமா.

தண்டையார்பேட்டை_லேத்:

எல்லாருக்கும் நன்றி. மணலி அக்கா, கேட்டலிஸ்ட் விஷயம் சொன்னதுல மாமாவே "அப்படியா"ன்னு கேட்டாரு.

வாச்சி அண்ணே, ஃபாயில் பாக்கி இருக்கு. பிளேட், நட்டு எல்லாம் நானே கடைஞ்சுடுவேன். அடியில மரைன் ப்ளைவுட் ஒரு துண்டு பதிச்சு, அதுல போல்ட் முறுக்கினா போதாதா?

வாச்சிக்காரன்:

போதாது. சர்ஃப் போர்டுல வடிவம் தப்பினா சுமாரா ஓடும், அவ்வளவுதான். ஃபாயில் போர்டுல வடிவம் பெரிய விஷயமே இல்ல. அடி தட்டையா, ஓரம் சரிவா சீவியிருந்தா ஓடும். அதோட உயிர் மாஸ்ட்டைப் பிடிக்கிற பாக்ஸ்லதான்.

முக்கால் மீட்டர் மாஸ்ட் ஒரு நெம்புகோல். கீழ இறக்கை மணல் திட்டுல முட்டினா, மேல இருக்கிற 74 கிலோவும் சேந்து நாலு போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும். நீ சொல்ற ப்ளைவுட் துண்டு அடித்தோல்ல மட்டும்தான் ஒட்டியிருக்கும், சுத்தி இருக்கிறது தெர்மாக்கோல். தோலோட பேந்துக்கிட்டு வந்துடும். ப்ளைவுட்ல தண்ணி இறங்கினா ஊறும், வெளிய தெரியவும் தெரியாது.

அடர்த்தியான பிவிசி ஃபோம் வாங்கு, கன மீட்டருக்கு 80 கிலோ ரகம். அடியிலருந்து மேல்தளம் வரைக்கும் முழுக் கனத்துக்கும் ஒரே கட்டையா நிக்கணும். சுத்தி கிளாஸ் துணி சுத்தி ஒட்டு. அதுல ட்ராக் பாக்ஸ் (மாஸ்ட் போல்ட் மாட்டுற நீளப் பள்ளம்) ரெண்டையும் பதி. ரெண்டு ட்ராக்குக்கும் நடு இடைவெளி 90 எம்எம், நீளம் 10 அங்குலம், போல்ட் எம்8. இது பெரும்பாலான கம்பெனி மாஸ்ட்டுக்குப் பொருந்துற அளவு, உன் இஷ்டத்துக்கு மாத்தாத. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நூல் பிடிச்ச மாதிரி இணையா இருக்கணும். அதுக்கு ஒரு ஜிக் கடைஞ்சுக்க, உன் லேத்துக்கு அங்கதான் வேலை. பதிக்கிறப்போ ட்ராக் வாயை டேப் போட்டு மூடு. மேல கட்டையைத் தாண்டி நாலு விரக்கடை துணி படியட்டும். இப்ப மேல்தோலும் அடித்தோலும் கட்டையும் சேந்து சுமையை வாங்கும்.

அளவு: கத்துக்கிறவனுக்கு எடைக்கு மேல 30, 40 லிட்டர் வேணும். உனக்கு 105லருந்து 115. ஐந்தடி நாலங்குல நீளம், 28 அகலம், நாலே முக்கால் கனம் வெச்சா அதுக்குள்ள வரும்.

வென்ட் திருகு ஒண்ணு மேல்தளத்துல கட்டாயம் வை. இந்த அளவு தெர்மாக்கோல் தகர ஷெட்டுல சூடானா உள்ள காத்து விரிஞ்சு தோலைத் தூக்கிடும். கரையில திறந்து வை, தண்ணியில இறங்கும்போது மூடு. ஸ்டீல் போல்ட்டை அலுமினிய மாஸ்ட்ல மாட்டினபடியே விட்டா உப்புல ரெண்டும் ஒட்டிக்கும், ஒவ்வொரு தடவையும் கழட்டி கிரீஸ் வை.

ஃபாயிலையும் கையில பிடிக்கிற காத்துப் பாயையும் (விங்) நீ கடைய முடியாது, வாங்கித்தான் ஆகணும், போர்டை விட அதுதான் செலவு. அதனால சர்ஃப் போர்டை முதல்ல முடி. தெர்மாக்கோல் வாங்கினதும் தராசு காட்டின எண்ணைப் போடு, துணி எவ்வளவு வாங்கணும்னு சொல்றேன்.

தண்டையார்பேட்டை_லேத்:

சரிண்ணே. 28 காட்டிச்சு. முறிச்சா மணி பிளந்துச்சு. ஏழடி பிளாக் சொல்லியிருக்கேன், வியாழக்கிழமை மீன்பாடி வண்டியில வருது.