எம்1000இ சேசிஸ்: சிஎம்சியில் கொடுத்த அமைப்புகளைச் சில ஸ்லொட்டுகள் மட்டும் ஏற்காதது ஏன்?

உப்புவெளி_கணினி எழுதியது:

வணக்கம். திருகோணமலை உப்புவெளியிலுள்ள ஒரு பயிற்சி நிலையத்தின் ஆய்வுகூடத்துக்காக, பாவித்த நிலையில் வாங்கப்பட்ட டெல் பவர்எட்ஜ் எம்1000இ சேசிஸ் (பல சேர்வர்களைச் செருகும் பொதுக் கூடு) ஒன்றை நிறுவிக்கொண்டிருக்கிறேன். அதிலுள்ள 16 அரை உயர ஸ்லொட்டுகளில் 1 முதல் 8 வரை எம்620 பிளேடுகள் (ஸ்லொட்டில் செருகும் சேர்வர்கள்) இருக்கின்றன. இரண்டு சிஎம்சி அட்டைகளும் (முழுச் சேசிஸையும் நிர்வகிப்பவை) ஆறு பவர் சப்ளைகளும் கூடவே வந்தன. ஒவ்வொரு பிளேடிலும் திரையும் விசைப்பலகையும் செருகி வேலை செய்ய விருப்பமில்லாமையால், எல்லா அமைப்புகளையும் சிஎம்சியின் இணைய இடைமுகத்தின் ஊடாகவே செய்ய முயன்றுவருகிறேன்.

சிஎம்சிக்கு நிலையான ஐபி கொடுத்து உள்நுழைந்துவிட்டேன். பின்னர் எட்டுப் பிளேடுகளின் ஐட்ராக்குகளுக்கும் (ஒவ்வொரு பிளேடையும் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் கட்டுப்படுத்திகள்) ஒரே வரிசையில் முகவரி கொடுத்துச் சேமித்தேன். அவற்றுள் 3, 4, 7 ஆகிய ஸ்லொட்டுகளிலுள்ள ஐட்ராக்குகள் மட்டும் பிங்குக்குக்கூடப் பதிலளிப்பதில்லை. ஆனால் சிஎம்சியின் பக்கத்தில் அவற்றின் முகவரிகள் சரியாகவே காட்டப்படுகின்றன. பிளேடு பழுதாக இருக்குமோ என்று எண்ணி, 3ஆம் ஸ்லொட்டிலிருந்த பிளேடைக் கழற்றி வெறுமையாக இருந்த 9ஆம் ஸ்லொட்டில் செருகியபோது, அதே முகவரியில் அது உடனே பதிலளித்தது. மாறாக, 1ஆம் ஸ்லொட்டில் நன்றாக இயங்கிய பிளேடை 3க்குக் கொண்டுவந்தால் அது மௌனமாகிவிடுகிறது.

6ஆம் ஸ்லொட்டின் சிக்கல் வேறு. அதன் ஐட்ராக் பதிலளிக்கிறது, ஆனால் பிளேடு பவர் ஏற மறுக்கிறது. முன்பக்க விளக்கு செம்மஞ்சளாக மினுங்குகிறது. மற்றப் பிளேடுகளில் இல்லாத மேலதிக மெசனைன் அட்டை (பிளேடின் உள்ளே செருகும் இணைப்பு அட்டை) ஒன்று இதில் மட்டும் இருப்பதைக் கவனித்தேன்.

இவற்றைத் தீர்த்த பின்னர் எட்டிலும் பயாஸ் (கணினியின் தொடக்க மென்பொருள்) அமைப்புகளை ஒரே மாதிரியாக்கி, வலையமைப்பு ஊடாக இயங்குதளம் நிறுவ வேண்டும். சிஎம்சியின் ஜிபி, எஸ்டிகே ஆகிய இரு போர்ட்டுகளையும் பாதுகாப்புக்காக ஒரே சுவிட்சில் செருகியிருக்கிறேன் என்பதையும் குறிப்பிட வேண்டும். வழிகாட்டினால் நன்றியுடையேன்.

---

உவர்மலை_வலையமைப்பு எழுதியது:

வணக்கம் தம்பி. பிளேடை இடம் மாற்றிப் பார்த்த உங்கள் சோதனையே பாதி விடையைத் தந்துவிட்டது. குறை பிளேடுடன் 9க்குப் போகவில்லை, 3ஆம் ஸ்லொட்டிலேயே தங்கிவிட்டது. ஆகவே அது பிளேடுக்குரிய அமைப்பு அன்று, சேசிஸுக்குரிய அமைப்பு. இந்த வகைச் சேசிஸில் அப்படி ஸ்லொட்டோடு ஒட்டிக்கொள்ளும் வலையமைப்பு அமைப்பு என்றால் நான் முதலில் பார்ப்பது வீலான் (ஒரே வலையமைப்பைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் முறை). ஐட்ராக்கின் வீலான் குறியீடு சிஎம்சியிலிருந்தே ஸ்லொட் வாரியாகக் கொடுக்கப்படுகிறது. பிளேடைக் கழற்றினாலும், வேறு பிளேடைச் செருகினாலும் அது சேசிஸிலேயே இருக்கும். முன்னைய உரிமையாளர் தமது நிலையத்தில் சில ஸ்லொட்டுகளைத் தனியான வீலானில் வைத்திருந்திருக்கலாம். சேர்வர் ஓவர்வியூவின் செட்அப் பகுதியிலுள்ள வீலான் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 3, 4, 7 ஆகியவற்றுக்கு வீலான் இயக்கப்பட்டிருந்தால் அதை நீக்குங்கள், அல்லது உங்கள் சுவிட்ச் போர்ட்டில் அதே வீலானை டாக் செய்து அனுமதியுங்கள். முகவரி சரியாகக் காட்டப்படுவதில் வியப்பில்லை. சிஎம்சி அந்த விபரத்தைச் சேசிஸின் உள்ளிருந்தே கேட்டு அறிகிறது, உங்கள் பிங்தான் சுவிட்சைக் கடந்து போகவேண்டியிருக்கிறது.

எந்த அமைப்பு எங்கே குடியிருக்கிறது என்பதை வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி றாக்கின் கதவில் ஒட்டிவையுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. வீலான், ஸ்லொட்டின் பெயர், பவர் முன்னுரிமை ஆகியவை சேசிஸில் இருக்கின்றன. பயாஸ் தெரிவுகள், ரெயிட் (பல வட்டுகளை ஒன்றிணைக்கும்) அமைப்பு, ஐட்ராக்கின் பயனர் கணக்குகள் ஆகியவை பிளேடுடன் பயணம் செய்கின்றன. மாக் முகவரி (வலையமைப்பு அட்டையின் வன்பொருள் முகவரி) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஃபிளெக்ஸ்அட்ரஸ் இயக்கப்படாவிட்டால் பிளேடின் சொந்த மாக் முகவரியே பயன்படும், இயக்கப்பட்டால் சேசிஸ் அந்த ஸ்லொட்டுக்கென ஒதுக்கிய முகவரி பயன்படும். டிஎச்சிபியில் (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் சேவை) மாக் முகவரியை வைத்து ஒதுக்கீடு செய்ய எண்ணியிருந்தால், ஃபிளெக்ஸ்அட்ரஸ் இயங்குகிறதா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் மாற்றுவதென்றால் உரிய பிளேடுகளை நிறுத்திவிட்டே மாற்ற வேண்டும்.

ஐட்ராக் முகவரிகளுக்குக் குவிக்டிப்ளோய் வசதியைப் பயன்படுத்துங்கள். தொடக்க முகவரி ஒன்றைக் கொடுத்தால், ஸ்லொட் வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். இப்போது எட்டுப் பிளேடுகளே இருந்தாலும் 16 முகவரிகளைத் தொடர்ச்சியாக ஒதுக்கிவிடுங்கள், இல்லையேல் 9ஆம் ஸ்லொட்டில் புதிய பிளேடு வரும் நாளில் அது யாருடைய அச்சுப்பொறியுடனாவது மோதும். குவிக்டிப்ளோய் அமைப்பைச் சேமிப்பதால் மட்டும் ஏற்கெனவே செருகப்பட்ட பிளேடுகள் மாறிவிடமாட்டா என்பதையும் கவனியுங்கள். அது புதிதாகச் செருகப்படுபவற்றுக்கே தானாகப் பொருந்தும். இருப்பவற்றுக்கு, அதே பக்கத்தில் ஆட்டோ பொப்புலேட் பொத்தானை அழுத்திக் கீழேயுள்ள அட்டவணையை நிரப்பிய பின், ஐட்ராக் அமைப்பைப் பிரயோகிக்கும் பொத்தானையும் அழுத்த வேண்டும். அதே இடத்தில் ரூட் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். இதன் தொழிற்சாலைக் கடவுச்சொல் உலகறிந்தது. ஆய்வுகூட மாணவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

எஸ்டிகே போர்ட்டிலுள்ள கேபிளை இன்றே கழற்றுங்கள். அந்தப் போர்ட் அடுத்த சேசிஸைச் சங்கிலியாக இணைப்பதற்கானது. இரண்டையும் ஒரே வலையமைப்பில் செருகினால், ஸ்பானிங் ட்ரீ (சுழலைத் தடுக்கும் வசதி) இயங்காத சுவிட்சில் சுழல் உண்டாகி முழு வலையமைப்பும் நின்றுபோகலாம். பாதுகாப்பு வேண்டுமானால் இரண்டாவது சிஎம்சியின் ஜிபி போர்ட்டையே சுவிட்சில் செருக வேண்டும்.

---

கிண்ணியா_சிஸ்அட்மின் எழுதியது:

6ஆம் ஸ்லொட்டைப் பற்றி: அந்த மெசனைன் அட்டைதான் காரணமாக இருக்கக்கூடும். எம்1000இயின் பின்பக்கத்தில் ஏ, பி, சி என மூன்று ஃபாப்ரிக்குகள் (பிளேடுகளை வெளி வலையமைப்போடு இணைக்கும் பாதைகள்) உண்டு. பிளேடின் உள்ளே பி இடத்திலோ சி இடத்திலோ செருகப்பட்ட அட்டையின் வகையும், பின்னால் அதே எழுத்துள்ள இடத்திலிருக்கும் ஐஓ மொடியூலின் (இணைப்பு அலகின்) வகையும் ஒத்திருக்க வேண்டும். பிளேடில் ஃபைபர் சனல் (சேமிப்பக வலையமைப்புக்கான) அட்டையும் பின்னால் ஈதர்நெட் மொடியூலும் இருந்தால், சிஎம்சி அந்தப் பிளேடுக்குப் பவர் கொடுக்க மறுக்கும். சேசிஸின் ஹார்ட்வெயார் லொக்கைத் திறந்தால் ஃபாப்ரிக் பொருந்தவில்லை என்ற பதிவு இருக்கும். ஃபைபர் சனல் சேமிப்பகம் உங்களிடம் இல்லையென்றால் அட்டையைக் கழற்றி எடுத்து வையுங்கள். லொக்கில் அப்படியொரு பதிவு இல்லாவிட்டால் மட்டும் பவர் ஒதுக்கீடு போதாமையைச் சந்தேகியுங்கள்.

பயாஸ் அமைப்பை ஒரே மாதிரியாக்க, எட்டுப் பிளேடுகளிலும் எஃப்2 அழுத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு பிளேடை முழுமையாகச் சரிசெய்யுங்கள்: வேர்ச்சுவலைசேஷன் இயக்கம், பூட் முறை, தேவையற்ற போர்ட்டுகளை நிறுத்துதல் ஆகிய எல்லாவற்றையும். பின்னர் சிஎம்சியின் புரொஃபைல் பக்கத்தில் அந்தப் பிளேடின் அமைப்பைச் சேமித்து மற்ற ஏழுக்கும் பிரயோகியுங்கள். இதற்குப் பிளேடின் லைஃப்சைக்கிள் கொன்ட்ரோலர் (பிளேடிலேயே உள்ள நிர்வாகக் கருவி) இயங்கவேண்டும். மறுதொடக்கத்தின்போது வன்பொருள் விபரத்தைத் திரட்டும் தெரிவும் அதில் இயக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தெரிவு நின்றிருந்தால் சிஎம்சிக்குப் பழைய விபரமே கிடைக்கும். நீங்கள் நேற்று மாற்றியது புரொஃபைலில் இல்லாமல் போய், எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே மாதிரிப் பிளேடை ஒருமுறை மறுதொடக்கம் செய்த பின்னரே சேமியுங்கள். பிரயோகிக்கும்போது பிளேடுகள் மறுதொடக்கம் ஆகும், எனவே வகுப்பு நடக்கும் நேரத்தில் வேண்டாம்.

பூட் முறை பழைய பயாஸா, அதற்குப் பின்வந்த யூஇஎஃப்ஐயா என்பதை இயங்குதளம் நிறுவுமுன் முடிவெடுங்கள். நிறுவிய பின் மாற்றினால் அந்த இயங்குதளம் எழும்பாது.

வலையமைப்பு ஊடாக நிறுவுவதற்கு, ஃபர்ஸ்ட் பூட் டிவைஸ் பக்கத்தில் எட்டு ஸ்லொட்டுகளுக்கும் பிஎக்ஸ்இயை (வலையமைப்பிலிருந்து பூட் ஆகும் முறை) தெரிவுசெய்யலாம். அப்போது பூட் வன்ஸ் பெட்டியில் சரி அடையாளம் இருப்பதை ஒவ்வொரு வரியிலும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிஎக்ஸ்இயே நிரந்தர முதல் தெரிவாகிவிடும். உங்கள் நிறுவல் சேர்வர் கேள்வி கேட்காமல் நிறுவும் வகையில் அமைக்கப்பட்டிருந்தால், நிறுவி முடிந்து மறுதொடக்கமாகும் பிளேடு மீண்டும் முதலிலிருந்து வட்டை அழித்து நிறுவத் தொடங்கும். எட்டுப் பிளேடுகளும் இரவு முழுவதும் அதையே செய்துகொண்டிருப்பதைக் காலையில் வந்து பார்ப்பது இனிய காட்சியன்று.

---

உப்புவெளி_கணினி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 3, 4, 7 ஆகிய மூன்று ஸ்லொட்டுகளிலும் பழைய வீலான் எண் ஒன்று இருந்தது. அதை நீக்கிச் சிறிது நேரத்தில் மூன்றும் பதிலளித்தன. எஸ்டிகே கேபிளையும் கழற்றிவிட்டேன். 6ஆம் பிளேடின் பி இடத்தில் இருந்தது ஃபைபர் சனல் அட்டையே. பின்னால் பி1, பி2 இரண்டிலும் ஈதர்நெட் மொடியூல்கள். அட்டையை எடுத்ததும் பிளேடு சாதாரணமாக எழும்பிவிட்டது. புரொஃபைலைச் சேமித்து முதலில் 2ஆம் பிளேடில் மட்டும் பரீட்சித்திருக்கிறேன், சரியாக இருக்கிறது.

இனி மின்சாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். எங்களிடம் ஒரேயொரு யூபிஎஸ் இருக்கிறது. இங்கு மின் தடைப்படும் வேளைகளில் ஜெனரேட்டர் எழும்பும்வரை அதுதான் தாங்க வேண்டும். ஆறு பவர் சப்ளைகளையும் யூபிஎஸ்ஸிலேயே இணைப்பதா? சிஎம்சியில் எந்த மிகைமைக் கொள்கையை (ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும் ஏற்பாடு) தெரிவுசெய்வது?

---

தம்பலகாமம்_பவர் எழுதியது:

ஆறையும் யூபிஎஸ்ஸில் இணைக்க வேண்டாம். அப்படி இணைத்தால், யூபிஎஸ் பழுதாகும் அன்று மின்சார சபையின் மின்சாரம் சுவரில் இருந்தும் உங்கள் சேசிஸ் இருளில் இருக்கும். இந்தச் சேசிஸ் 1, 2, 3 ஆகிய பவர் சப்ளைகளை ஒரு மின்பாதையாகவும் 4, 5, 6 ஆகியவற்றை மற்றொரு மின்பாதையாகவும் கருதுகிறது. முதல் மூன்றையும் யூபிஎஸ்ஸிலும் அடுத்த மூன்றையும் நேரடி மின்சாரத்திலும் இணைத்து, சிஎம்சியில் ஏசி மிகைமைக் கொள்கையைத் தெரிவுசெய்யுங்கள். புதிய ஃபேர்ம்வெயாரில் (சிஎம்சியின் உள்ளமைந்த மென்பொருள்) அது கிரிட் மிகைமை என்று பெயர் காட்டும். மின் தடைப்பட்டால் சிஎம்சி மிகைமை இழந்ததாக எச்சரிக்கை பதியும், பிளேடுகள் தொடர்ந்து இயங்கும். ஆனால் அந்த நேரத்தில் முழுச் சுமையும் யூபிஎஸ்ஸின் மேல் வந்துவிழும் என்பதால், பாதிச் சுமைக்குக் கணக்கிட்டு யூபிஎஸ் வாங்கியிருந்தால் அது கவிழ்ந்துவிடும். சிஎம்சியின் பவர் பக்கம் தற்போதைய நுகர்வையும் உச்ச நுகர்வையும் காட்டுகிறது. எட்டுப் பிளேடுகளுக்கும் நல்ல வேலை கொடுத்து ஒரு நாள் ஓடவிட்டு, அந்த உச்ச அளவை வைத்து முடிவெடுங்கள்.

வயரிங்கில் கவனம் தேவை. இதற்கு வந்த 2360 வாட் பவர் சப்ளை ஒன்று முழுச் சுமையில் 230 வோல்ட்டில் 10 அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. 13 அம்பியர் நீட்சிப் பலகை ஒன்றில் மூன்றைச் செருகி, இப்போது சூடாகவில்லையே என்று ஆறுதலடையாதீர்கள். ஒரு பாதை விழுந்து சுமை மற்றப் பாதைக்கு மாறும் கணத்தில்தான் பலகை உருகும். தனித்தனிச் சுற்றுகளை இழுத்துத் தரச்சொல்லி மின்னிணைப்பாளரிடம் கேளுங்கள்.

ஸ்லொட் முன்னுரிமையை எல்லோரும் தவறவிடுகிறார்கள். 1 மிக உயர்ந்தது, 9 மிகத் தாழ்ந்தது. பவர் போதாத நிலையில் சிஎம்சி தாழ்ந்த முன்னுரிமையுள்ள பிளேடுகளின் பவரையே முதலில் குறைக்கும், அப்போதும் போதாவிட்டால் அவற்றை நிறுத்தும். எல்லாமே 1இல் இருந்தால் அதற்கு உங்கள் விருப்பம் தெரியாது. டிஎன்எஸ், கோப்புச் சேர்வர் இருக்கும் பிளேடுகளை 1இலும் மாணவர் பயிற்சிப் பிளேடுகளை 7, 8இலும் வையுங்கள். இது ஸ்லொட்டுக்குரிய அமைப்பு என்பதால், பிளேடை இடம் மாற்றினால் முன்னுரிமையையும் கையால் மாற்ற வேண்டும்.

இன்னொன்று: கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளிரூட்டி நின்றால் அறை வேகமாகச் சூடேறும். இந்தச் சேசிஸுக்கு உட்செல்லும் காற்று 35 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது. வெப்பநிலை எச்சரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பச் சிஎம்சியில் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். கடற்கரைக்கு அருகில் என்பதால் யன்னலைத் திறந்து குளிரவைக்கும் யோசனையும் வேண்டாம். உப்புக்காற்று கனெக்டர்களில் பச்சை பிடிக்கவைக்கும்.

---

உவர்மலை_வலையமைப்பு எழுதியது:

தம்பி, மற்ற ஆறு பிளேடுகளுக்கும் புரொஃபைலைப் பிரயோகிக்குமுன் இரண்டு சிஎம்சிகளிலும் ஒரே ஃபேர்ம்வெயார் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்புகள் வேறுபட்டால், ஒன்று விழும்போது மற்றது ஒழுங்காகப் பொறுப்பேற்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஃபேர்ம்வெயாரை ஏற்றும்போது விசிறிகள் முழு வேகத்தில் அலறும், பக்கத்து வகுப்பறையிலிருந்து ஆட்கள் ஓடிவருவார்கள். அது இயல்பானதே, இடையில் எதையும் கழற்றிவிடாதீர்கள். ஏற்றி முடிந்ததும் பிரவுசரின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு உள்நுழையுங்கள், இல்லையேல் பழைய பக்கங்களே அரைகுறையாகத் தோன்றும்.

எல்லாம் ஒழுங்கானதும் சேசிஸ் பேக்அப் பக்கத்திலிருந்து அமைப்புக் கோப்பைத் தரவிறக்கி, சேசிஸுக்கு வெளியே வேறொரு கணினியில் வையுங்கள். அதில் சேசிஸின் அமைப்புகளே இருக்கும். பிளேடுகளின் பயாஸுக்குப் புரொஃபைலைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.