மழைக்காலத்தில் பால் இறங்குது, தண்ணி கலந்ததா சொல்றாங்க

குளுவாங் மாட்டுக்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. மலேசியாவுல குளுவாங் பக்கம், செம்பனைத் தோட்டத்துல அப்பா காலத்துக் கொட்டகை எங்களுது. பதினோரு கறவை, எல்லாம் சாஹிவால்-ஃபிரிசியன் கலப்பு. ஏப்ரல்ல ரெண்டு வேளையும் சேர்த்து 90 லிட்டர் ஊத்துனோம். டிசம்பர் வந்தா 40 தாண்டல. செம்பனைக்கு அடியில அறுக்குற புல்லும் தவ்பு (சோயா கட்டி) செஞ்சு மிஞ்சுற சக்கையும்தான் தீனி.

போன வாரம் பால் எடுக்க வந்தவர் பாலோட அடர்த்தி பார்க்குற லாக்டோமீட்டரைப் போட்டார், 26தான் காட்டுச்சு, அது குறைச்சல். "தண்ணி கலந்தீங்களா?"ன்னு அப்பாவைக் கேட்டுட்டார். நாற்பது வருசமா மாடு பார்க்குறவர். கேனைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்த அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. தைப்பூசம் வருது, பால்குடத்துக்குத் தோட்டத்து சனம் எங்ககிட்டதான் கேட்கும். அந்த நேரம் பார்த்து மடி வத்துறது ஏன்?

சிகாமட் அக்கா:
தம்பி, பால் கறந்த சூட்டோடயா அளந்தாங்க? சூட்டுப் பால் குறைச்சலாத்தான் காட்டும். எந்த வெப்பநிலைக்குன்னு கருவியிலயே எழுதியிருக்கும். மழையில புல்லும் வெறும் தண்ணிதான், தவ்பு சக்கையும் ஈரம்; சத்தில்லாம பாலோட திடம் இறங்கிடும். புல்லை ஒரு பொழுது வாட விட்டுப் போடுங்க, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் சேருங்க. அப்பா மேல பழி நிக்கக்கூடாது, உறைநிலைச் சோதனை கேளுங்க. நல்ல பசும்பால் பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமா போனாத்தான் உறையும். தண்ணி சேர்ந்தா அது பூஜ்யத்தை நோக்கி ஏறிடும்.

பழைய சினை ஊசிக்காரர்:
கன்று போட்ட மாசத்தைப் பாருங்க. பிப்ரவரியில ஈன்ற மாடு ஆறு, எட்டு வாரத்துல உச்சம் தொடும், பத்து மாசம் கறக்கும், டிசம்பர், ஜனவரி வத்த விட்டாகணும். நியூசிலாந்துல நாடே ஜூலை, ஆகஸ்ட்ல ஈன விடுவாங்க. அக்டோபர்ல பெருகுற பாலை ஆலையில பவுடராக்கிடுவாங்க. நம்ம பால் சேகரிப்பு நிலையத்துக்குத் தினமும் ஒரே அளவு பச்சைப் பால் வேணும், அந்த முறை ஒத்து வராது. சினை 283 நாள். ஜனவரியில ஊசி போட்டா அக்டோபர்ல கன்று, மழை மாசத்துல நிறை மடி.

குளுவாங் மாட்டுக்காரன்:
அப்பா நோட்டைப் பிரிச்சேன். ஏழு மாடு பிப்ரவரி, மார்ச்சுலதான் ஈன்றிருக்கு. ரெண்டு கிடாரி பருவத்துக்கு வந்திருக்கு, ஜனவரியிலேயே ஊசி போட்டுடுறேன். உறைநிலைச் சோதனைக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன் அக்கா. அந்தத் தாளை அவர் கையாலயே வாங்கணும்.