ஹெல்மெட்டால் அடித்த கல்லூரி வீரர்: கோச் விசாரித்தால் போதுமா, போலீஸ் வர வேண்டுமா?

ஏரிக்கரை:
2022 அக்டோபர் 29 அன்று ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். மிச்சிகன் 29-7 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குப் போகும் டனலில் மிச்சிகன் ஸ்டேட் வீரர்கள் பலர் சேர்ந்து எதிரணி வீரர் ஒருவரைப் போட்டு மொத்தினார்கள். இன்னொருவர் மேல் ஹெல்மெட்டைச் சுழற்றினார் ஒரு வீரர். எல்லாம் வீடியோவில் இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் எட்டுப் பேரை சஸ்பெண்ட் செய்தது. நவம்பர் 23 அன்று வாஷ்டெனா கவுண்டி அரசு வழக்கறிஞர் ஏழு பேர் மேல் வழக்குப் போட்டார். ஹெல்மெட் வீரர் மேல் பெருங்குற்றப் பிரிவு, மற்ற ஆறு பேர் மேல் சிறு குற்றப் பிரிவுகள்.

"காலேஜ் பசங்க சண்டைக்கு எதற்குப் போலீஸ்? அதான் சஸ்பெண்ட் ஆகிவிட்டார்களே" என்று இன்னும் கேட்கிறார்கள். நான் எதிர்க்கட்சி. அதே டனலில் டிக்கெட் வாங்கி வந்த ரசிகர் ஒருவர் ஹெல்மெட்டைச் சுழற்றியிருந்தால் "இன்னும் நாலு ஆட்டம் பார்க்க வராதே" என்று சொல்லியா அனுப்பியிருப்பார்கள்? கையில் விலங்கு மாட்டியிருப்பார்கள். ஜெர்சி போட்டிருந்தால் சட்டம் வேறா?

பழைய கோல்கீப்பர்:
வேறுதான் சார். நானும் யூனிவர்சிட்டி அணியில் ஆடியவன். மூன்று மணி நேரம் ஒருவனை ஒருவன் இடித்துத் தள்ளச் சொல்லிவிட்டு, விசில் ஊதிய அடுத்த நிமிஷம் எல்லாரும் நூலகத்துக்குப் போகிற பையன்களாக மாறிவிட வேண்டும் என்றால் எப்படி? அதிலும் மிச்சிகன் ஸ்டேடியத்தில் இரண்டு அணிக்கும் வெளியேற ஒரே டனல். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காருகிற மைதானம், தோற்றவனும் ஜெயித்தவனும் ஒரே வாசலில். இரண்டு வாரம் முன்னால்தான் பென் ஸ்டேட் ஆட்டத்தில் அதே டனலில் தள்ளுமுள்ளு. அந்த அணியின் கோச் வெளிப்படையாகவே புகார் சொன்னார். யாரும் எதையும் மாற்றவில்லை. இந்த அணிகள் ஆடுகிற லீக்கான பிக் டென் அமைப்பே பிறகு மிச்சிகனைக் கண்டித்தது, பாதுகாப்பு போதவில்லை என்று. ஆனால் கோர்ட் படி ஏறியது யார்? இருபது வயசுப் பையன்கள் மட்டும்.

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிக் டென் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஹெல்மெட் வீரர் அடுத்த சீசனில் எட்டு ஆட்டம் ஆடக்கூடாது என்றது. கல்லூரி வீரனுக்கு எட்டு ஆட்டம் என்றால் பாதி சீசனுக்கு மேல். அதற்கு மேல் குற்றப் பதிவும் எதற்கு?

வாய்தா:
தொழில்முறையில் ஒரு சின்னக் குறுக்கீடு. விளையாட்டில் அடிபடுவது ஏன் குற்றமில்லை என்றால், ஆட இறங்குகிறவர் அந்த அடிக்குச் சம்மதித்துத்தான் இறங்குகிறார். நம் ஊர்ச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 87ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 25. அதில் கொடுத்திருக்கிற உதாரணமே வாள்வீச்சு விளையாட்டுதான். இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள் வீச ஒப்புக்கொள்கிறார்கள், நேர்மையாக ஆடும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் மற்றவர் குற்றவாளி இல்லை. நேர்மையாக ஆடும்போது, அதுதான் நிபந்தனை. இங்கிலாந்தில் 2004இல் பார்ன்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதே: ஆட்டத்தில் நடந்ததற்குக் குற்ற வழக்கு அபூர்வமாகத்தான் வர வேண்டும், நடத்தை அந்த அளவுக்கு மோசமாக இருந்தால் மட்டும்.

டனல் விஷயத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஆட்டம் முடிந்துவிட்டது. சம்மதமும் அதோடு முடிந்தது.

சும்மா வந்தேன்:
வாள்வீச்சு உதாரணம் சரி, கபடிக்கு ஒரு பிரிவு போட்டிருக்கலாம்.

கூடைப்பந்து அக்கா:
கோல்கீப்பர் தம்பி, "கல்லூரி பார்த்துக்கொள்ளும்" என்கிறீர்கள். அப்படிப் பார்த்துக்கொண்ட லட்சணத்தைப் பார்ப்போமா?

நெப்ராஸ்கா, 1995. லாரன்ஸ் ஃபிலிப்ஸ் என்ற, பந்தோடு ஓடும் நட்சத்திர ஃபுட்பால் வீரர் தன் முன்னாள் காதலியைத் தாக்கிக் கைதானார். கோச் டாம் ஆஸ்பர்ன் சஸ்பெண்ட் செய்தார், அதே சீசனில் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தப் பையனுக்கு ஃபுட்பால்தான் பிடிமானம், அதையும் பிடுங்கினால் உடைந்துவிடுவான் என்பது அவர் சொன்ன காரணம். 1996 ஜனவரியில் பட்டத்தைத் தீர்மானித்த ஃபியெஸ்டா பௌல் ஆட்டத்தில் ஃபிலிப்ஸ் ஆடினார், நெப்ராஸ்கா தேசிய சாம்பியன் ஆனது. பிறகு அவர் வாழ்க்கை அடிதடி வழக்குகளிலேயே போய், 2016இல் கலிஃபோர்னியா சிறையில் இறந்தார். கோச் மனசார நம்பித்தான் சொல்லியிருப்பார், அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் மூன்றாம் வரிசை வீரனுக்கு இதே கருணை கிடைத்திருக்குமா?

ஓக்லஹோமா, 2014. ஜோ மிக்ஸன் ஓர் உணவகத்தில் ஒரு பெண்ணை முகத்தில் குத்தினார், அவர் முக எலும்பு உடைந்தது. வழக்கு வந்தது, சிறு குற்றமாக. சிறை இல்லை, நூறு மணி நேர சமூக சேவை. கல்லூரி ஒரு சீசன் உட்கார வைத்தது, ஸ்காலர்ஷிப் தொடர்ந்தது. 2016 டிசம்பரில் வீடியோ வெளியே வந்தது. அதற்கப்புறம்தான் கோச் பாப் ஸ்டூப்ஸ், இன்றைக்கு நடந்திருந்தால் நீக்கம்தான் ஒரே வழி என்றார். 2014இல் என்ன நடந்தது என்று கல்லூரிக்குத் தெரியாமலா இருந்தது? ஊருக்குத் தெரிந்தது மட்டும்தான் 2016இல் புதிது.

பெய்லர் பல்கலைக்கழகம் பற்றி எழுதினால் இந்த இழை போதாது. வீரர்கள் மேல் வந்த பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகம் எப்படிக் கையாண்டது என்று வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தார்கள். 2016இல் கோச் ஆர்ட் பிரைல்ஸ் வேலை போனது, பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் பதவி இழந்தார். கிளின்டனை விசாரித்த அதே கென் ஸ்டார்.

கல்லூரி ஆட்டம் நடப்பது சனிக்கிழமை; கோச்சுக்கு அன்று ஜெயிக்க வேண்டும். அவரையே நீதிபதியாகவும் உட்கார வைத்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

பழைய கோல்கீப்பர்:
அக்கா, அப்போ டியூக்?

2006இல் டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் (வலைக்கோலால் பந்து ஆடும் விளையாட்டு) வீரர்கள் மூன்று பேர் மேல் பாலியல் வன்முறை வழக்கு. ஊரே கொந்தளித்தது. சீசன் ரத்து, கோச் ராஜினாமா. வழக்குப் போட்ட அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் அப்போது தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். அமெரிக்காவில் மாவட்ட அரசு வழக்கறிஞர் பெரும்பாலும் ஓட்டு வாங்கி வருகிறவர், இதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பையன்களுக்குச் சாதகமான டிஎன்ஏ முடிவுகளை அவர் மறைத்தார். 2007 ஏப்ரலில் வட கரோலினா அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர் மூன்று பேரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். ஆதாரம் போதவில்லை என்றுகூட இல்லை, நிரபராதிகள் என்று. நைஃபாங்கின் வக்கீல் உரிமம் பறிபோனது. புகார் கொடுத்தவரே 2024இல், தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார்.

கோச்சுக்கு ஜெயிக்க வேண்டும் என்கிறீர்கள். அரசு வழக்கறிஞருக்கும் ஜெயிக்க வேண்டும். அவருக்குச் சனிக்கிழமைக்குப் பதில் தேர்தல் நடக்கிற நவம்பர் செவ்வாய்க்கிழமை. அவ்வளவுதான் வித்தியாசம். பிரபலமான அணியின் வீரன் மேல் வழக்குப் போட்டால் டிவியில் முகம் வரும். சாதாரண மாணவன் பாரில் அடித்துக்கொண்டால் யார் பேட்டி எடுக்கிறார்கள்?

கூடைப்பந்து அக்கா:
டியூக் உங்கள் கட்சிக்கு உதவவில்லை தம்பி. எந்தத் தீர்ப்பும் வருவதற்கு முன்னால் சீசனை ரத்து செய்தது யார்? பல்கலைக்கழகம். கோச் போனது யார் அழுத்தத்தில்? பல்கலைக்கழகம். பையன்களைக் காப்பாற்றியது எது? டிஎன்ஏ அறிக்கையைக் கேட்டு வாங்கும் உரிமை, குறுக்கு விசாரணை, மேலே இருந்த அட்டர்னி ஜெனரல். நைஃபாங்கைத் தண்டிக்கக்கூட ஒரு வழி இருந்தது. ஒரு டீன் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் அவருடைய உரிமத்தை எங்கே போய்ப் பறிப்பீர்கள்?

பெய்லரில் கல்லூரி மூடி மறைத்தது. டியூக்கில் அவசரப்பட்டுக் கைகழுவியது. இரண்டிலும் கணக்கு ஒன்றுதான், தன் பெயர் கெடாமல் இருக்க வேண்டும்.

சும்மா வந்தேன்:
+1. அக்கா ஃபார்மில் இருக்கிறார்.

ஏரிக்கரை:
வாய்தா சார், டனல் சரி. மைதானத்துக்குள் நடந்தால்? 2009இல் ஆரிகன் வீரர் லெகாரெட் பிளவுன்ட் தோற்ற கையோடு புல்வெளியிலேயே பாய்ஸி ஸ்டேட் வீரரின் தாடையில் குத்தினார். டிவியில் நேரடி ஒளிபரப்பு. வழக்கு ஒன்றும் இல்லை. சீசன் முழுக்கத் தடை என்றார்கள், நவம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

வாய்தா:
அதைவிட என்னை உறுத்துவது 1999இல் நடந்த ஒரு பேஸ்பால் சம்பவம். விச்சிட்டா ஸ்டேட்டின் பென் கிறிஸ்டென்சன் ஆட்டம் தொடங்கும் முன் பயிற்சிக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். எவன்ஸ்வில் அணியின் முதல் பேட்டர் ஓரமாக நின்று பந்தின் வேகத்தைக் கணித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டென்சன் குறி பார்த்து அவர் மேலேயே வீசினார். அந்தப் பையன் பேட் பிடிக்கவே இன்னும் வரவில்லை, பந்து தன் பக்கம் வரும் என்று எதிர்பார்த்திருக்கவும் முடியாது. முகத்தில் பட்டு எலும்பு முறிந்து, ஒரு கண்ணின் பார்வை கெட்டது.

குற்ற வழக்கு வரவில்லை. மீதி சீசனுக்கு சஸ்பெண்ட். அதே ஜூனில் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது சிகாகோ கப்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. அடிபட்டவர் சிவில் வழக்குப் போட்டு, 2002இல் 4 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இதில் சம்மதம் எங்கே இருக்கிறது? இன்னும் ஆட்டமே தொடங்கவில்லை. டனல் சண்டையில் யாருக்கும் இந்த அளவு காயம் இல்லை, ஆனால் ஏழு வழக்கு. மைதானம் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு மந்திர சக்தி இருப்பதுபோல் நடந்துகொள்கிறார்கள். கனடாவில் அப்படி இல்லை. 2000இல் ஹாக்கி வீரர் மார்ட்டி மக்சோர்லி ஆட்டத்துக்குள்ளேயே எதிரணிக்காரர் தலையில் மட்டையால் அடித்தார், வான்கூவர் நீதிமன்றம் ஆயுதத் தாக்குதல் என்று தீர்ப்பளித்தது. சிறைக்கு அனுப்பவில்லை, ஆனால் குற்றம் என்று சொன்னது.

பழைய கோல்கீப்பர்:
சார், நீங்கள் சொன்னதிலேயே என் வாதம் இருக்கிறது. சிறை இல்லை, குற்றம் மட்டும். மிச்சிகனிலும் கடைசியில் அதுதான். ஹெல்மெட் வீரர் ஒப்புக்கொண்ட பிறகு பெருங்குற்றப் பிரிவு போய், சிறு குற்றமாகி, யாரும் சிறைக்குப் போகவில்லை. அப்படியென்றால் முதலில் பெருங்குற்றம் என்று போட்டது எதற்கு? பேரம் பேச. பெரிய பிரிவைக் காட்டிப் பயமுறுத்தி, சின்னதை ஒப்புக்கொள்ள வைப்பது. மிக்ஸன் மாதிரி நட்சத்திரத்துக்கு நல்ல வக்கீல் கிடைப்பார், 2017இல் சின்சினாட்டியின் தொழில்முறை ஃபுட்பால் அணி இரண்டாம் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்? ஸ்காலர்ஷிப் போகும், கல்லூரி போகும். டாலஸிலோ டெட்ராய்ட்டிலோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "குற்றப் பதிவு உண்டா" என்ற கட்டத்தில் பேனா நிற்கும். அதில் கறுப்பினப் பையன்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஏரிக்கரை:
இது கனமான வாதம், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது அரசு வழக்கறிஞர்கள் அளவுக்கு மீறிப் பிரிவு போடுவதற்கு எதிரான வாதம். ஜெர்சி போடாத ஏழைப் பையனுக்கும் அதே அநியாயம்தான் நடக்கிறது. அவனுக்காகக் கோச் வந்து நிற்பதில்லை. மிச்சிகனில் மற்றவர்களுக்குக் கிடைத்த மாதிரி, சொன்ன நிபந்தனைகளை முடித்தால் பதிவே இல்லாமல் வழக்கு முடியும் ஏற்பாட்டை எல்லாருக்கும் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

பழைய கோல்கீப்பர்:
கடைசியாக ஒன்று. அந்த வழக்கை விசாரித்த போலீஸ் எது தெரியுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சொந்த போலீஸ். அடிவாங்கிய அணியின் கல்லூரி சம்பளம் கொடுக்கிற போலீஸ், அடித்த அணியை விசாரித்து, அரசு வழக்கறிஞருக்கு அறிக்கை கொடுத்தது. மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பாவோ இரண்டே நாளில், குற்ற வழக்கு இல்லாமல் இது முடியும் என்று நினைக்கவே முடியவில்லை என்று மைக்கில் சொல்லியாகிவிட்டது. அக்கா, கல்லூரி நீதிபதியாக இருக்கக்கூடாது என்றீர்களே, இது என்ன?

கூடைப்பந்து அக்கா:
நியாயமான கேள்வி. மாநிலப் போலீஸிடம் முதல் நாளே ஒப்படைத்திருக்க வேண்டும். சொந்த ஊர் ஆட்டத்துக்கு சொந்த ஊர் நடுவர் கூடாது என்று விளையாட்டுக்காரர்களுக்கே தெரியும்.

வாய்தா:
கேம்பஸ் போலீஸ் பற்றித் தனி இழை போடலாம். சொந்த வீரன் சொந்தக் கல்லூரி மாணவியை அடித்தால் அதே போலீஸ் என்ன செய்யும் என்பது இன்னும் பெரிய கேள்வி.

பழைய கோல்கீப்பர்:
போடுங்கள் சார், வருகிறேன். ஆனால் டனலுக்குப் பெருங்குற்றப் பிரிவு அதிகம் என்பதில் நான் இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.