ஆன்ட்டிக்குக் கையில் காசா, கணக்கில் சம்பளமா? (நியூ ஜெர்சி)

எடிசன் அப்பா:
2017 ஜனவரியில் மனைவி வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆன்ட்டி கிடைத்தார். மகன் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் வந்தவர், கணவர் ஊரிலேயே தவறிவிட்டார். வாரம் 400 டாலர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிக்ஸிக்குப் பக்கத்தில் கவரை வைத்துவிடுவேன், எண்ணிக்கூடப் பார்க்கமாட்டார், மடித்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொள்வார். "செக் எல்லாம் வேண்டாம் தம்பி, பையன் டாக்ஸில் இடிக்கும்" என்று முதல் நாளே சொன்னது அவர்தான். சரி, அவருக்கும் அதுதானே வசதி என்று விட்டுவிட்டேன். எனக்கும் காசு மிச்சம், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படியே மூன்று வருடம் ஓடியது.

2025ல் போன் வந்தது. வயது 65 ஆகிவிட்டது, மெடிகேர் பார்ட் ஏ (வயதானவர்களுக்கான அரசு ஆஸ்பத்திரிக் காப்பீடு) வாங்கலாம் என்று போனால் அவர் பேரில் வேலை செய்த கணக்கே இல்லை. வரி கட்டி வேலை செய்ததற்குச் சேரும் கிரெடிட் 40 இருந்தால் பிரீமியம் கிடையாது, ஒன்றுமே இல்லாதவர் 2025 கணக்குப்படி மாதம் 518 டாலர் கட்ட வேண்டியிருந்தது. பத்து வருடமாக நாலு வீட்டுப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கித் திரிந்தவர்! "நீங்க வேலைக்கு வச்சிருந்தேன்னு ஒரு லெட்டர் குடுத்தா போதுமா தம்பி?" என்று கேட்டார். போதாது. சம்பளம் வாங்கிய வருடம் முடிந்து 3 வருடம், 3 மாதம், 15 நாள் தாண்டிவிட்டால் சம்பளப் பதிவைத் திருத்துவது சில விதிவிலக்குகளுக்கு மட்டும்தான்.

அன்றைக்கு நான் கட்டாமல் விட்டது எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் வரி இரண்டும் சேர்த்துச் சம்பளத்தில் என் பங்கு 7.65 சதவீதம், அவர் பங்கும் அதே. இரண்டையும் நானே கட்டியிருந்தாலும் வாரம் 61 டாலர் சொச்சம். 2017ல் ஒரு கிரெடிட்டுக்கு 1,300 டாலர் சம்பளம் போதும், வருடத்துக்கு 4 தான் கிடைக்கும். என் வீட்டில் மட்டும் 12 சேர்ந்திருக்கும்.

இரட்டையர் அம்மா:
நாங்கள் முறைப்படி செய்தோம், ஆனால் புண்ணியத்துக்காக இல்லை. டிபெண்டன்ட் கேர் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு) பணத்தில் வரிச்சலுகை கேட்டால் படிவத்தில் பார்த்துக்கொள்கிறவரின் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள், அங்கேயே மாட்டிக்கொண்டோம். இஐஎன் (வேலை கொடுப்பவருக்கான வரி எண்) வாங்குவது ஆன்லைனில் பத்து நிமிட வேலை, வருடம் முடிந்ததும் நம் வரிக்கணக்குப் படிவம் 1040 உடன் வீட்டு வேலையாள் வரிக்கான ஷெட்யூல் எச், அவருக்குச் சம்பளச் சான்றான டபிள்யூ-2. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. முதல் சம்பளத்தில் பிடித்தம் பார்த்துவிட்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் அவர் பங்கையும் நாங்களே கட்டினோம் (தாராளமாகக் கட்டலாம்).

பார்சிப்பனிக்காரர்:
எங்கள் நண்பர் ஒருத்தர் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு 1099 (கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் படிவம்) கொடுத்துத் தப்பிக்கப் பார்த்தார். எத்தனை மணிக்கு வரணும், பிள்ளைக்கு என்ன ஊட்டணும் என்று எல்லாம் நீங்கள் சொல்லிவிட்டு அவரைக் கான்ட்ராக்டர் என்றால் வருமானவரிக்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். 2020ல் வேலை போனதும் அந்த அம்மா அன்எம்ப்ளாய்மென்ட் (வேலையில்லாதவர்களுக்கான அரசு உதவிப் பணம்) கேட்டு விண்ணப்பித்தார், வேலை கொடுத்தவர் யார் என்ற இடத்தில் நண்பர் பெயர். பழைய பாக்கி, அபராதம், வட்டி எல்லாம் சேர்த்துக் கட்டினார். அந்த அம்மாவைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார், அது வேறு கதை.

எடிசன் அப்பா:
இப்போது இரண்டாவது குழந்தைக்கு வருகிறவரும் கேஷ்தான் கேட்டார். ஆன்ட்டியிடமே போனைக் கொடுத்துப் பேசச் சொன்னேன். இருபது நிமிஷம் பேசினார்கள். மறுநாள் சோஷியல் செக்யூரிட்டி கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.