சொல் தேவை: பிரேக் லைன், ப்ளீடிங், ஃப்ளூயிட்

மடல் 1

வணக்கம். வீட்டிலேயே காரின் பிரேக், கிளட்ச் ஹோஸ் மாற்றுவதற்கான வழிகாட்டி ஒன்று தயாராகிறது. மூன்று சொல்லுக்குத் தமிழ் இடறுகிறது. லைனுக்குத் 'தடுப்பு வரி' என்று ஒரு பட்டியலில் இருக்கிறது. வரித்துறை நினைவுதான் வருகிறது. லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும் ப்ளீடிங்குக்குக் 'குருதி வடித்தல்' வேண்டவே வேண்டாம். ஃப்ளூயிடுக்குப் 'பாய்மம்' போட்டிருக்கிறேன், சரிதானா?

மடல் 2

லைனுக்கு ஒரே சொல் தேடாதீர்கள், அது இரண்டு பொருள். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பாடி நெடுக ஓடுவது இரும்புக் குழாய். சக்கரம் ஏறி இறங்கித் திரும்பும் இடத்தில், பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர் வரைக்கும் இருப்பது ரப்பர் ஹோஸ். கடையில் விற்கும் மாற்று ஹோஸ் கிட்டில் வருவது இரண்டாவது மட்டும்: பெரும்பாலும் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு, கிளட்சுக்கு ஒன்று. கேபிள் கிளட்ச் என்றால் அந்த ஒன்றும் கிடையாது.

என் பரிந்துரை விறைகுழாய், நெகிழ்குழல். புதிதாக வருவது பின்னல் நெகிழ்குழல். உள்ளே டெஃப்லான், மேலே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல், அதன்மேல் பிளாஸ்டிக் உறை. பெடலை மிதிக்கும்போது ரப்பர் சற்று உப்பும். அந்த உப்பலுக்குள் போன ஃப்ளூயிட் பிஸ்டனைத் தள்ளாது, பெடல் கொழகொழவென்று இருக்கும். பின்னல் உப்பவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் 'கவசக் குழல்' வேண்டாம் என்கிறேன். கவசம் வெளியடியைத் தாங்குவது, இதன் வேலை உள்ளழுத்தத்தைத் தாங்குவது. (நிறுத்தும் தூரம் பாதியாகும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். மாறுவது பெடலின் விறைப்பு.)

இரண்டு சொல்லின் அருமை நட்டைக் கழற்றும்போது தெரியும். 'லைனைப் பிடித்துக்கொண்டு திருகவும்' என்று எழுதினால் எந்த லைனை? நெகிழ்குழலின் முனையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, விறைகுழாயின் நட்டை, அதைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். பெரும்பாலும் 10 அல்லது 11 மி.மீ. இருக்கும். சாதா ஓப்பன் ஸ்பேனர் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். நட்டோடு குழாயும் சேர்ந்து சுழன்றால் துருவேறிய குழாய் முறுகி ஒடியும். அப்புறம் வேலை ஹோஸ் மாற்றுவதல்ல, புதுக் குழாய் வளைப்பது. முந்தின நாளே துருநீக்கி அடித்து வைப்பது நல்லது.

மடல் 3

பாய்மம் கூடாது. அதில் வாயுவும் அடக்கம். இந்த அமைப்பு முழுவதும் நீர்மம் அமுங்காது, வாயு அமுங்கும் என்ற ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. 'தடுப்பு நீர்மம்' என்றே எழுதலாம்.

கடையில் சொல்லும் 'பிரேக் ஆயில்' அதைவிட ஆபத்து. பாட்டிலில் போட்டிருக்கும் டாட் (DOT) தரங்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 எதுவும் கனிம எண்ணெய் அல்ல, கிளைக்கால் (glycol) வகை. ஆயில் என்ற பெயரை நம்பி என்ஜின் ஆயிலை ஊற்றினால் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். டாட் 5 மட்டும் சிலிக்கோன். மற்றதோடு கலக்கக் கூடாது. டாட் 4 குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள், திறந்து கிடந்த பாட்டிலைப் பயன்படுத்த வேண்டாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

ப்ளீடிங்குக்கு ஒர்க்ஷாப்பிலேயே சொல் இருக்கிறது: 'ஏர் எடுக்கிறது'. அதையே 'காற்றெடுப்பு' ஆக்கினால் போதும். கேலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிள் 'காற்றெடுப்புத் திருகு'. அதில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் நீர்மம் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைக் கால் சுற்று திறந்து மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முந்தி விட்டால் வெளிக்காற்று உள்ளே போகும். பழைய காரில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் பிஸ்டன் போனால் அங்கிருக்கும் துரு சீலைக் கிழிக்கும். தொலைவான சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம், ஆனால் வரிசையைக் காரின் கையேட்டில் பாருங்கள். நீர்மம் உள்ள டேங்க் ஒருபோதும் வற்றக்கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் வெளியேறாது.

மடல் 4

மூன்றும் ஏற்றுக்கொண்டேன். குழலைக் கேலிப்பரில் பூட்டும் பேன்ஜோ போல்டுக்கு?

மடல் 5

பேன்ஜோ என்ற வாத்தியத்தைப் பார்க்காதவருக்குப் பெயரால் பயனில்லை. உள்ளே துளையிட்ட மரையாணி, ஆகவே 'துளைமரையாணி'. துளை என்று பெயரிலேயே இருந்தால் ஏன் முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது என்பதும் புரியும்: உள்ளே பொள்ளல், கழுத்தில் ஒடியும். டார்க் அளவைக் கையேட்டில் பார்த்து அதோடு நிறுத்துங்கள். குழலின் கண்ணுக்கு இருபுறமும் ஒவ்வொரு புதுச் செம்பு வாஷர். பழையது ஒருமுறை நசுங்கி இறுகியது, மறுபடி சரியாக அமராது. பூட்டியதும் ஸ்டீரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, குழல் டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசுகிறதா என்று பாருங்கள். உறை தேய்ந்த பின்னல் தொட்ட இடத்தை அரம் போல் ராவும்.

மடல் 6

கிளட்சுக்கு 'உரசிணைப்பி' எழுதுவதானால் முதல் இடத்தில் மட்டும். பிறகு கிளட்ச் என்றே போகட்டும். ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: காற்றெடுக்கும்போது கிளட்ச் பெடல் தரையிலேயே படுத்துக்கொள்ளும், பழுதென்று பதற வேண்டாம். திருகை மூடிவிட்டுக் கையால் தூக்கி மறுபடி மிதிக்க வேண்டும். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே டேங்க்தான், ஒன்றில் வேலை செய்யும்போதும் மட்டத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.