நீலவ்னா செத்தாளா இல்லையா?

பழையபுத்தகம்:
நேற்று வேறொரு இழையில் நம் ஆழிமழை, "தியாகத் தாய் என்றால் கார்க்கியின் 'தாய்'தான், மகனுக்காக உயிரையே கொடுத்தவள்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆளாளுக்கு அதற்குக் கைதட்டல் வேறு. கைதட்டியவர்களில் ஒருவராவது கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா? அந்தத் தாய், நீலவ்னா, சாகவில்லை. ரயில் நிலையத்தில் பெட்டியைத் திறந்து பிரசுரங்களைக் கூட்டத்துக்கு வீசுகிறாள், போலீஸ்காரர்கள் அடிக்கிறார்கள், ஒருவன் கழுத்தைப் பிடிக்கிறான், கூட்டத்தில் யாரோ விம்மி அழுகிறார்கள், நாவல் முடிந்துவிடுகிறது. செத்தாள் என்று எந்த வரியில் இருக்கிறது? வரியைக் காட்டுங்கள்.

ஆழிமழை:
ஐயா வணக்கம். கழுத்தை நெரித்தால் அடுத்து என்ன நடக்கும், சளி குணமாகுமா? எல்லாவற்றையும் ஆசிரியர் எழுதிக் காட்ட வேண்டும் என்றால் அதற்கு மரணச் சான்றிதழ் போதுமே, நாவல் எதற்கு?

பழையபுத்தகம்:
வரியைக் கேட்டேன். நையாண்டி வந்திருக்கிறது.

நடுநிசி:
நீங்கள் இருவரும் பிணத்தைத் தேடிக்கொண்டிருங்கள். எனக்கு எரிச்சல் 'தியாகத் தாய்' என்ற அந்த வார்த்தை மீதே. ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத எழுத்தாளர்தான் அவளைத் தியாகியாக்குவார். பத்து அத்தியாயம் தூங்கமாட்டாள், பதினொன்றில் இருமுவாள், பன்னிரண்டில் மகன் தலைமாட்டில் நின்று அழுவான். நடுவில் அவளுக்கென்று ஒரு பொறாமையோ சின்னப் பொய்யோ எதுவும் கிடையாது. நீலவ்னா அப்படியா? புருவத்துக்கு மேலே கணவன் அடித்த தழும்பு. மகனின் தோழன் அந்திரேய் வீட்டுக்கு வந்த அன்றே அதைப் பார்த்து, யார் அடித்தது என்று கேட்கிறான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அந்த வயதில் ஒளித்து ஒளித்து எழுத்துக் கூட்டுகிறாள், பிறர் பார்த்துவிட்டால் வெட்கம். இப்படி ஒருத்தியைக் கொண்டுபோய் அந்த டப்பாவில் அடைக்கிறீர்களே.

பழையபுத்தகம்:
தழும்பு வலது புருவத்துக்கு மேல். விட்டுவிட்டீர்கள். மற்றபடி நீங்களும் செத்தாள் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

அந்தப் பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்தவர் அன்னா ஸலோமவா என்ற பெண்மணி. 1902 மே தினத்தில் சோர்மவாவில் கொடி பிடித்துக் கைதான பியோத்தர் ஸலோமவின் அம்மா. அவர் 1938 வரை வாழ்ந்தார். எழுதிய கார்க்கியே 1936இல் போய்ச் சேர்ந்துவிட்டார். இதற்கு மேலும் என்ன வேண்டும்?

ஆழிமழை:
அடடா, நிஜ ஆள் இருந்தால் பாத்திரமும் இருக்க வேண்டுமா! என்ன ஒரு இலக்கியக் கோட்பாடு! கொடியைப் பிடித்தபடி குதிரைகளின் காலடியில் அவள் விழுவது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது, நீங்கள் 1938 என்கிறீர்கள்.

பழையபுத்தகம்:
குட்டு வெளிப்பட்டது. நாவலின் முடிவில் குதிரை எங்கே ஐயா இருக்கிறது? அது புதோவ்கின் 1926இல் எடுத்த படம். அதில்தான் சாகிறாள். படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். பிரெக்ட் அதே கதையை நாடகமாக்கி 1932இல் மேடையேற்றினார். அதில் கடைசிக் காட்சியில் 1917ஆம் வருடம், செங்கொடியோடு ஊர்வலத்தில் நடக்கிறாள். நான் நாடகத்தைக் காட்டி இங்கே வாதாடினேனா? இல்லை. நாவலை மட்டும் பேசுகிறேன். சாகவில்லை.

ஒற்றைப்பனை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நீலவ்னாவா, நிலோவ்னாவா? தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்ப்பைத்தானே எல்லோரும் படித்திருக்கிறோம், அதில் உள்ளபடி எழுதினால் என்ன? அப்புறம், தியாகம் இல்லாத அம்மா வேண்டும் என்றால் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' இருக்கிறதே. அதில் வரும் அம்மா அலங்காரம் மகனை வேதம் படிக்க அனுப்பியது தன் பாவம் கரையத்தான். அங்கே தியாகம் செய்தது மகன்.

பழையபுத்தகம்:
அலங்காரமும் சாகவில்லை. காசிக்குக் கிளம்புகிறாள்.

நடுநிசி:
யார் செத்தார்கள் என்ற கணக்கெடுப்பா இது? நான் கேட்டது வேறு. நிலையத்தில் உளவாளி பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும், பெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைக்கிறாள். மகனுக்கு அவமானம் தேடித் தராதே என்று தன்னையே அதட்டிக்கொள்கிறாள். பெட்டிக்குள் இருப்பது நீதிமன்றத்தில் மகன் பேசிய பேச்சு. ஆனால் வாயைத் திறந்து கூட்டத்திடம் பேசுவது அவள், தன் சொந்தச் சொல்லில். முன்பு புருஷன் கையை ஓங்கினாலே ஒடுங்கியவள். இது தியாகமா, அவளுக்கு வந்த வாழ்வா?

ஆழிமழை:
நன்றி நடுநிசி, எனக்குச் சாதகமாகப் பேசியதற்கு. "மகனுக்கு அவமானம்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆக மகனுக்காகத்தான்.

நடுநிசி:
அடுத்த மூன்று வரியைப் படிக்கவில்லையா? உங்கள் பழக்கமே இதுதான். போன மாதம் என் கட்டுரையின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு மூன்று பக்கத்துக்கு மறுப்பு எழுதினீர்கள்.

ஆழிமழை:
முதல் பத்தியே அப்படி இருந்தது.

பழையபுத்தகம்:
சொந்தச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஒன்றுதான், மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், எந்த வரி?

ஆழிமழை:
சரி, சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கும் பிரதியில் கடைசித் தாளே இல்லை. கிழிந்திருக்கிறது. அதை எனக்குக் கொடுத்தவர் யார் என்று ஐயாவையே கேளுங்கள்.

பழையபுத்தகம்:
நான் கொடுக்கும்போது தாள் இருந்தது. அட்டைக்கு உள்பக்கம் என் கையெழுத்தும் இருக்கும். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிப்போனது, ஆறு வருடம் ஆகிறது. திருப்பித் தராததோடு தாளையும் கிழித்து, அவளையும் கொன்றாயிற்று.

ஆழிமழை:
கிழித்தது நான் இல்லை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது.

ஒற்றைப்பனை:
நிலோவ்னாவா நீலவ்னாவா, யாரும் சொல்லவே இல்லையே?

பழையபுத்தகம்:
ரகுநாதன் எழுதியதைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் என் பிரதி ஆழிமழையிடம் இருக்கிறது.