ஸ்டேட்டஸ் ‘அப் டு டேட்’ என்கிறது, புஷ் மட்டும் ஏன் ரிஜெக்ட் ஆகிறது?

கேள்வி:
கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டில், முதன்மை பிராஞ்சான (கிளை) மெயினில் நின்று கிட் ஸ்டேட்டஸ் போட்டால், ஆரிஜின்/மெயினோடு அப் டு டேட் என்று வருகிறது. உடனே ஒரு கமிட் (மாற்றங்களின் பதிவு) போட்டு சர்வருக்கு புஷ் செய்தால் ‘ரிஜெக்டட், ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’. சர்வரில் நீக்கிய பிராஞ்சுகள்கூட கிட் பிராஞ்ச் -ஆர் பட்டியலில் அப்படியே நிற்கின்றன. எதைத்தான் நம்புவது?

பதில் 1:
ஸ்டேட்டஸ் சர்வரிடம் கேட்பதே இல்லை. ஆரிஜின்/மெயின் என்பது சர்வரில் இருக்கும் பிராஞ்ச் அல்ல. கடைசியாகத் தொடர்பு கொண்டபோது அங்கே மெயின் எந்த கமிட்டில் நின்றது என்று உங்கள் மெஷினில் கிட் எழுதிவைத்த குறிப்பு, அவ்வளவுதான். ஆக, மெயின் மூன்று இடத்தில் இருக்கிறது: உங்களுடையது, இந்தக் குறிப்பு, சர்வரில் உள்ளது. ஃபெட்ச் (சர்வரின் புதிய கமிட்டுகளை இறக்குவது), புல், புஷ் ஓடும்போதுதான் குறிப்பு நகரும்.

முதலில் கிட் ஃபெட்ச். அடுத்து கிட் லாக் மெயின்..ஆரிஜின்/மெயின் போட்டால், அங்கே இருக்கும், ஆனால் உங்களிடம் இல்லாத கமிட்டுகள் தெரியும். பெயர்களை இடம் மாற்றினால் நீங்கள் இன்னும் புஷ் செய்யாதவை. பார்த்த பிறகு கிட் ரீபேஸ் ஆரிஜின்/மெயின் (உங்கள் கமிட்டுகளை அவற்றின் மேல் மீண்டும் அடுக்குவது), பின் புஷ். ஃபெட்ச் உங்கள் ஃபைல்களில் கை வைக்காது, தயங்காமல் ஓட்டுங்கள். புல் என்பது ஃபெட்ச்சோடு மெர்ஜோ (இரண்டு கிளைகளை இணைப்பது) ரீபேஸோ சேர்ந்தது, அதனால் நடுவில் நின்று பார்க்க வழி இல்லை.

பதில் 2:
நீக்கிய பிராஞ்சுகளுக்கு கிட் ஃபெட்ச் --ப்ரூன். சாதாரண ஃபெட்ச் பழைய குறிப்புகளை அழிக்காது. ப்ரூன் உங்கள் லோக்கல் பிராஞ்சைத் தொடாது என்பதையும் கவனியுங்கள். கிட் பிராஞ்ச் -விவி போட்டால், அப்ஸ்ட்ரீம் (சர்வரில் உள்ள ஜோடி பிராஞ்ச்) போய்விட்டவற்றின் பக்கத்தில் ‘கான்’ என்று இருக்கும். அவற்றைச் சிறிய எழுத்து -டி கொண்டு நீக்குங்கள். ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்டுகளை ஒன்றாக்கிச் சேர்ப்பது) ஆன பிராஞ்சை நீக்க அது மறுக்கும், ஏனென்றால் அந்த மாற்றங்கள் மெயினில் வேறு ஐடி கொண்ட ஒரே கமிட்டாக இருக்கின்றன. மாற்றங்கள் மெயினுக்குள் போய்விட்டன என்று உறுதி செய்த பிறகே, கட்டாயமாக நீக்கும் பெரிய எழுத்து -டி.

கேட்டவர்:
ஏற்கெனவே புஷ் செய்த ஃபீச்சர் பிராஞ்சை ரீபேஸ் செய்தால், புஷ்ஷில் --ஃபோர்ஸ் (சர்வரில் உள்ளதைக் கேட்காமல் மேலெழுதுவது) போட்டாக வேண்டுமா?

பதில் 1:
வெறும் --ஃபோர்ஸ் வேண்டவே வேண்டாம். --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள். சர்வரில் உள்ள பிராஞ்ச் உங்கள் குறிப்போடு ஒத்துப்போனால்தான் அது மேலெழுதும். ஆனால் எடிட்டரில் தானியங்கி ஃபெட்ச் ஆன் ஆகியிருந்தால் குறிப்பு உங்களுக்குத் தெரியாமலே நகர்ந்துவிடும். லீஸ் சோதனை பாஸ் ஆகும், சகாவின் கமிட் சர்வர் பிராஞ்சிலிருந்து காணாமல் போகும். கிட் 2.30 முதல் இதற்காகவே --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் இருக்கிறது: குறிப்பில் புதிதாக வந்ததை நீங்கள் உங்கள் பிராஞ்சில் சேர்த்திருக்கிறீர்களா என்று அது பார்க்கும். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.